ஜடை பட்ட மணல்

பர்மிங்காமில் நான் விளையாட்டு ஆசிரியையாக வேலை பார்க்கும் பள்ளியில் விடுப்புக் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். "அத்தைக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை" என்றேன். அது பாதிதான் உண்மை. அந்த அறுவை சிகிச்சை நடக்க வேண்டுமென்றால் முதலில் என் தலைமுடி கடலூருக்கு வந்தாக வேண்டும் என்ற மீதிப் பாதியைத் தலைமை ஆசிரியையிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. பாவம், ஒரு வாரம் கொடுத்தார்.

நான் ஒரு காலத்தில் பிரிட்டனுக்காக நீளம் தாண்டியவள். இன்று சொன்னால் என் மாணவிகளே நம்புவதில்லை. பன்னிரண்டு வயது வரை கடலூர் முதுநகரில் தனம் அத்தையிடம் வளர்ந்தேன். அம்மா நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போய், பிறகு அப்பா போய், கடைசியில் என்னையும் அழைத்துக்கொண்டார்கள். அங்கே பள்ளி மைதானத்தில் மணல் குழியைப் பார்த்ததும்தான் எனக்குக் குளிர் மறந்தது. பள்ளிக்கு, மாவட்டத்துக்கு, பிறகு நாட்டுக்கே தாண்டினேன். இங்கிலாந்துப் பத்திரிகைகள் என் தூரத்தைப் பற்றி எழுதியதைவிட என் ஜடையைப் பற்றி எழுதியது ஜாஸ்தி.

அந்த ஜடைக்குக் காரணம் அத்தை. நான் முதல்முறை பிரிட்டன் பனியனைப் போட்டுக்கொண்டு நிற்கும் படத்தை அனுப்பினேன். அத்தை நேரே கடலூரை ஒட்டிய திருவந்திபுரம் பெருமாளிடம் போய், இந்தப் பெண் ஒலிம்பிக் போனால் முழு முடியையும் உனக்குத் தருகிறேன் என்று வேண்டிக்கொண்டுவிட்டாள். அப்படி வேண்டிக்கொண்டால் முடி இறக்கும்வரை கத்தரி படக்கூடாது. நுனியைக்கூட வெட்டக்கூடாது. வெட்டவில்லை. நான் ஒலிம்பிக்கும் போகவில்லை. முடி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

போன மாதம் அத்தை மகன் வேலு மாமா போன் செய்தார்.

"அம்மா ஆபரேஷனுக்கு மாட்டேங்குது வாணி. வேண்டுதல பாக்கி வச்சிக்கிட்டு ஒடம்புல கத்தி வச்சிக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம்."

"அவ்ளோதான? நான் வந்து முடி எறக்கிடறேன் மாமா."

"அதுக்கும் மாட்டேங்குது. நீ ஒலிம்பிக் போவல இல்ல? பலிக்காத வேண்டுதலுக்கு முடி குடுத்தா சாமிய ஏமாத்துறதாம். டாக்டரு தள்ளிப் போடாதீங்கன்னு சொல்லிட்டாரு. நீ வந்து நேர்ல பேசு. நீ சொன்னா கேக்கும்."

நான் சொன்னால் அத்தை கேட்ட காலம் ஒன்று இருந்தது. இத்தனை வருஷம் ஊர்ப் பக்கம் வராதவள் சொன்னால் கேட்பாளா என்று எனக்கே சந்தேகம்தான். ஆனாலும் கிளம்பினேன்.

கடலூரில் இறங்கியபோது காலை வெயிலே சுள்ளென்று இருந்தது. முதுநகரில் ஒரு டீக்கடை வாசலில் வேலு மாமா காத்திருந்தார். குடிகாடு பக்கத்து ரசாயன ஆலையில் அவருக்கு வேலை. சிதம்பரத்தில் வீடு, தினமும் போய் வருகிறார். அத்தையும் இப்போது அங்கேதான். துவைத்த சட்டைதான், ஆனாலும் அதில் ஒரு புளித்த வாடை ஒட்டிக்கொண்டிருந்தது. "எங்க மூக்குக்குத் தெரியறதில்ல. ஊருக்குப் புதுசா வர்றவங்கதான் மூஞ்ச சுளிப்பாங்க" என்று சிரித்தார். நான் புதிதாக வருபவளாகிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

மதியம் துறைமுகம் போகிற சாலையில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டோம். சுறாப்புட்டு, தலையோடு வறுத்த முழு மீன், ரசம். பர்மிங்காமில் மீன் என்பது தலையும் முள்ளும் இல்லாமல், உயிரோடு இருந்ததற்கான எந்த அடையாளமும் இல்லாமல் வரும். இங்கே மீன் தட்டிலிருந்து என்னை முறைத்துப் பார்த்தது. பரிமாறிய அம்மாள், "முள்ளு எடுக்கத் தெரியுமா, எடுத்துத் தரட்டா?" என்று கேட்டார். ரோஷத்தோடு சாப்பிட்டு, ஒரு முள்ளைத் தொண்டையில் மாட்டிக்கொண்டு, வெறும் சோற்றை உருட்டி விழுங்கினேன்.

வேலு மாமாவிடம் ஒரு திட்டம் இருந்தது. "நீ ரிசர்வ் பிளேயரா ஒலிம்பிக் போனேன்னு நான் சொல்லிடறேன். நீ ஆமான்னு தலைய ஆட்டு. முடிஞ்சுது வேல."

"நீளம் தாண்டறது கபடி இல்ல மாமா. யாரு நம்புவா?"

"அம்மாவுக்கு என்னா தெரியும்? நம்பும்."

அவருக்கு மதிய ஷிப்ட். என்னைச் சிதம்பரம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் அண்ணாகிராமத்து அம்மாள் ஒருத்தி, பரங்கிப்பேட்டையில் கட்டிக்கொடுத்த மகளுக்கு ஒரு முழுப் பலாப்பழத்தைச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய்க்கொண்டிருந்தாள். பழம் சீட்டில், அவள் பாதி சீட்டில், நான் மிச்சத்தில். சிறிது நேரம் என் ஜடையையே பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"சவுரியா பாப்பா?"

"இல்லம்மா, சொந்த முடி."

நம்பவில்லை. பிடித்து லேசாக இழுத்துப் பார்த்தாள். நான் "ஆ" என்றதும்தான் திருப்தியானாள். இங்கிலாந்தில் யாரும் இப்படி இழுப்பதில்லை. டிராமில் எதிரே உட்கார்ந்து, பார்க்காததுபோல் பார்த்து, போனில் திருட்டுத்தனமாகப் படம் எடுப்பார்கள். எனக்கு இந்த அம்மாள் இழுத்ததே மேல் என்று பட்டது.

"வேண்டுதலா?"

"ஆமா."

"பலிச்சுதா?"

"இல்ல."

அவள் சாக்கோடு ஒரு பையில் தனியாகச் சுளைகள் வைத்திருந்தாள். இரண்டை எடுத்து என் கையில் வைத்தாள். முட்லூர் நிறுத்தத்தில் இறங்கும்போது பழத்தை நானும் கண்டக்டரும் சேர்ந்து இறக்கிக் கொடுத்தோம்.

அவளிடம் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். நீளம் தாண்டுவதில் ஒரு விதி உண்டு. மணலில் உங்கள் கால் எங்கே விழுந்தது என்பது மட்டும் கணக்கில்லை. உடம்போ, உடம்போடு சேர்ந்த எதுவோ, காலூன்றி எழும்பும் பலகைக்கு மிக அருகில் எங்கே மணலைத் தொட்டதோ அங்கிருந்துதான் அளப்பார்கள். கை பின்னால் ஊன்றினால் அந்த இடம். சட்டை நுனி பட்டால் அந்த இடம். முடியும் அப்படித்தான். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் ஜடையைச் சுற்றிச் சுற்றிக் கொண்டை போட்டு, வலை மாட்டி, ஊசி ஊசியாகக் குத்துவேன். என் பயிற்சியாளர் கிளைவ், "வாணி, கத்தரிக்கோல் என்று ஒரு பொருள் கண்டுபிடித்திருக்கிறார்கள், தெரியுமா?" என்பார். வேண்டுதலைச் சொல்லி விளக்கினேன். அவர் வேல்ஸ்காரர், பக்தியுள்ள பாட்டியிடம் வளர்ந்தவர். அதற்குப் பிறகு அவரே ஊசி வாங்கி வந்து கொடுத்தார்.

ஒலிம்பிக் தேர்வுப் போட்டியின் கடைசித் தாண்டல். ஓட்டம் சரியாக அமைந்தது. பலகையில் கால் மிதித்த சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இறங்கும்போது வலை கழன்று கொண்டை அவிழ்ந்தது. என் பாதச்சுவடு தகுதித் தூரத்துக்கு அப்பால் இருந்தது. எழுந்து திரும்பிப் பார்த்தேன், கையை உயர்த்தினேன். அளக்க வந்தவர் கம்பியை என் சுவட்டில் குத்தவில்லை. அதற்குப் பின்னால், ஒரு கயிறு விழுந்ததுபோல் மணலில் இருந்த கோட்டில் குத்தினார். தகுதித் தூரத்துக்குச் சுண்டுவிரல் நீளம் குறைந்தது.

அன்று இரவு அத்தைக்குப் போன் செய்து, "கொஞ்சம் கொறஞ்சிடுச்சி அத்தை" என்று மட்டும் சொன்னேன். "பரவால்ல, அடுத்த தடவ" என்றாள். அடுத்த தடவை வருவதற்குள் என் முழங்கால் போய்விட்டது. அதோடு முடிந்தது என் ஓட்டம். உன் வேண்டுதல்தான் என்னைக் கெடுத்தது என்று அத்தையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்லாமல் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அதனால் ஊருக்கு வருவதையே தள்ளிப் போட்டேன். அத்தையும் போனில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். தோற்றுப்போனதில் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் நினைத்தபடி பலாச்சுளை தின்ற மயக்கத்தில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது பஸ் ஒரு பெரிய பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. கீழே அகலமான மணல், நடுவில் கொஞ்சம் தண்ணீர். கொள்ளிடம். சிதம்பரம் எப்போதோ போய்விட்டது.

கண்டக்டருக்கு வந்ததே கோபம். "சிதம்பரம் சிதம்பரம்னு தொண்ட கிழியக் கத்துனனேம்மா! ஒங்க பையத் தட்டிக்கூட எழுப்புனேன். 'ம்'ன்னீங்களே!"

பஸ்ஸே என் விஷயத்தை எடுத்துக்கொண்டது. பாலத்திலேயே இறக்கிவிடு என்றார் ஒருவர். பொம்பளப் புள்ளைய நடுப்பாலத்துலயா என்று அவரை இன்னொருவர் ஏசினார். கடைசியில் பாலம் தாண்டிய நிறுத்தத்தில் பஸ்ஸை நிறுத்தி, கண்டக்டரே என்னோடு இறங்கி, எதிரே வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினார். அந்தக் கண்டக்டரிடம், "லண்டன்காரம்மா. சிதம்பரத்துல எறக்கி உடு. தூங்க உடாத" என்று ஒப்படைத்தார். பர்மிங்காமில் ரயில் தவறிப்போனால் பதிவு செய்த குரல் ஒன்று மன்னிப்புக் கேட்கும். திட்டுவதற்கு ஒரு மனிதன் கிடைக்க மாட்டான். புதுக் கண்டக்டர் சொன்ன சொல் தவறாமல், நான் கண்ணை மூடும்போதெல்லாம் விசில் ஊதினார்.

தெற்கு வீதியிலிருந்து பிரியும் சந்தில் வீடு. மாமாவின் மனைவி மல்லிகா அக்கா கதவைத் திறந்தார். அத்தை கட்டிலின் விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு முட்டுகிறதாம். என் நினைவில் இருந்த அத்தை தண்ணீர்க் குடத்தை ஒற்றைக் கையால் தூக்குபவள். இந்த அத்தையின் தோளில் ரவிக்கை தொளதொளவென்று தொங்கியது.

"வந்துட்டியா? சாப்ட்டியா?" என்றாள். நேற்றுப் பார்த்தவளிடம் கேட்பதுபோல் கேட்டாள். என் ஜடையைத் தொடக் கை நீண்டது, பாதியில் நின்றது, மடியில் திரும்பப் போய்விட்டது. நான் அவள் காலடியில் உட்கார்ந்து அழுதேன். எதற்கு என்று அவளும் கேட்கவில்லை.

மறுநாள் காலை இட்லியும் கத்திரிக்காய் கொத்சும். சிதம்பரத்தில் இதைச் செய்கிற மாதிரி வேறெங்கும் செய்வதில்லை. நான் பர்மிங்காமில் பலமுறை செய்து பார்த்து, ஒவ்வொரு முறையும் கத்திரிக்காயை அவமானப்படுத்தியதுதான் மிச்சம். மூன்றாவது இட்லியின்போது வேலு மாமா தொண்டையைச் செருமினார்.

"அம்மா, ஒனக்கு ஒரு விஷயம் தெரியுமா? வாணி ஒலிம்பிக்குப் போயிருக்கு. ரிசர்வ் பிளேயரா. நம்மகிட்டதான் சொல்லல."

அத்தை என்னைப் பார்த்தாள். நான் கொத்சைப் பார்த்தேன். தலையை ஆட்ட வேண்டிய இடம் அதுதான் என்று மாமா கண்ணால் ஜாடை காட்டினார். என் தலை அசையவில்லை.

"இன்னொரு இட்லி வைக்கட்டா?" என்றாள் அத்தை. திட்டம் அதோடு முடிந்தது.

மாமா வேலைக்குக் கிளம்பிப் போனார். மதியம் அத்தை சீப்பையும் எண்ணெய்க் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு, "ஒக்காரு" என்றாள். உனக்கு மூச்சு வாங்கும், வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கட்டிலில் அவள், கீழே நான். ஜடையைப் பிரித்து மெதுவாகச் சீவினாள். நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கினாள். சின்ன வயதில் சிக்கெடுக்கும்போது மண்டையில் சீப்பாலேயே ஒன்று போடுவாள். இப்போது பூத்தொடுப்பதுபோல் சீவினாள்.

"ஒன்ன ஒண்ணு கேக்கணும். திரும்பாத."

"கேளு அத்தை."

"அன்னிக்கு அந்த வெள்ளக்காரன் கம்பிய ஒன் கால்கிட்ட குத்தாம ஏன் பின்னாடி குத்துனான்?"

"ஒனக்கு எப்டித் தெரியும்?"

"மல்லிகா போன்ல வச்சிக் காட்டுச்சி. எத்தினி தடவ பாத்திருப்பேன்னு கேளு. நீ கைய தூக்குற. சிரிக்கிற. அப்புறம் அவன் பின்னாடி குத்துறான். ஒன் மூஞ்சி மாறிப் போவுது."

"எப்பப் பாத்த?"

"அது ஆச்சி, வேலுவுக்கு ரெண்டாவது பொறந்தப்ப."

மாமாவின் இரண்டாவது மகன் இப்போது ஒன்பதாவது படிக்கிறான். அவ்வளவு காலமாக அத்தை அந்தக் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"வேலுவக் கேட்டா கை பட்டுடுச்சிங்கறான். மல்லிகா, மண்ணு சரிஞ்சுதுங்குது. எல்லாரும் எனக்குப் பொய் சொல்றாங்க. நீ சொல்லு. என்மேல சத்தியமா சொல்லு. ஜடையா?"

இல்லை என்று சொல்ல எனக்கு எல்லாக் காரணமும் இருந்தது. பின்னால் இருப்பவளுக்கு இதயத்தில் அடைப்பு. டாக்டர் அதிர்ச்சி எதுவும் கூடாது என்றிருக்கிறார். மல்லிகா அக்கா சமையலறை வாசலில் நின்று வேண்டாம் வேண்டாம் என்று கையசைத்தார். ஆனால் அத்தையின் கை என் முடியைப் பற்றிக்கொண்டிருந்தது. அதில் நடுக்கமே இல்லை. பொய் கேட்கிற கை அப்படி இருக்காது என்று தோன்றியது.

"ஜடைதான் அத்தை."

"படலன்னா போயிருப்பியா?"

"போயிருப்பேன்."

சீப்பு நின்றுவிட்டது. அவள் மூச்சு இழுபடுவது கேட்டது. நான் பயந்து திரும்பப் பார்த்தேன். "திரும்பாதன்னேன்ல" என்றாள். தெருவில் ஒருவன் கோலமாவு விற்றுக்கொண்டு போனான்.

"காலு எங்க விழுந்துது?"

"கோட்டுக்கு அந்தாண்ட."

"நிச்சயமா?"

"சுவடு இருந்துச்சி அத்தை. என் கண்ணால பாத்தேன்."

"அப்பத் தாண்டிட்ட."

"தாண்டிட்டேன். ஆனா கணக்குல வரல."

"அவன் கணக்கு எனக்கு எதுக்குடி? பெருமாள் அவரு வேலைய செஞ்சிட்டாரு. ஒன் கால அந்தாண்ட கொண்டு போயி வச்சிட்டாரு. குறுக்க பூந்தது என் வேண்டுதலு. அவருமேல பாக்கி ஒண்ணும் இல்ல. பாக்கி எல்லாம் நம்மமேல." சற்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள். "நாளைக்கே முடி எறக்கிடணும்."

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். நானும் திரும்பி அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

"கேட்டா நீ திட்டுவியோன்னு இருந்துச்சி. இந்தப் புள்ள வாழ்க்கைய நாம கெடுத்துட்டோம், அதான் ஊருக்கே வராம இருக்குதுன்னு நெனச்சிக்கிட்டேன்."

"நீ என்மேல கோவமா இருக்கேன்னு நான் நெனச்சேன்."

ஒரே விஷயத்தை இரண்டு பேரும் இரண்டு பக்கம் ஒளித்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷத்தை வீணாக்கியிருக்கிறோம். ஒலிம்பிக் கைவிட்டுப் போனது போகட்டும். அந்த இரவு போனில் இன்னும் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லியிருந்தால் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் நான் இந்தக் கட்டிலடியில் உட்கார்ந்திருப்பேன். அவள் என் மண்டையில் சீப்பால் போட்டிருப்பாள்.

மறுநாள் மாமா லீவு போட்டு, கார் பிடித்து வந்தார். அத்தையை முன்சீட்டில் சாய்த்து உட்கார வைத்தோம். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள் கூட்டம். மாலையும் கழுத்துமாக ஒரு ஜோடி போனால் பின்னாலேயே இன்னொரு ஜோடி வந்தது. அவர்களுக்கு நடுவே சந்தனம் பூசிய மொட்டைகள்.

"பூ முடி குடுத்தாப் போதும் வாணி" என்றார் மாமா. மூன்று இடத்தில் மட்டும் கொஞ்சம் நறுக்கிக் கொடுப்பது அது. "நீ திரும்பிப் போயி பள்ளிக்கூடத்துல நிக்கணும் இல்ல?"

அத்தை என்னைப் பார்க்காமல் கோயில் கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் இஷ்டத்துக்கு விடுகிறாள் என்று புரிந்தது.

"மொட்டதான்" என்றேன்.

முடி இறக்குபவர் என்னைக் கீழே உட்காரச் சொல்லி, தண்ணீரை ஊற்றித் தேய்த்து, முடியை இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டார். "இம்மாம் நீளம் பாத்து ரொம்ப நாளாச்சிம்மா. ஏலத்துல போயி மறுபடியும் உங்க ஊருக்கே சவுரியா வந்தாலும் வரும்" என்றார். சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. பிளேடு பட்டதும் தலையில் காற்றுப் பட்டது. கிளைவ் வாங்கித் தந்த ஊசிகள், ஹோட்டல் அறைகளில் விடியும்முன் எழுந்து பின்னிய காலைகள், எல்லாம் மடியில் வந்து விழுந்தன. கழுத்து திடீரென்று வேலையில்லாமல் போனதுபோல் ஆடியது.

அத்தை சந்தனத்தைக் குழைத்து அவளே பூசினாள். பிறகு மாமாவிடம் திரும்பி, "டாக்டருக்குப் போன் பண்ணுடா. எப்ப வேணாலும் வரேன்னு சொல்லு" என்றாள். மாமா போனை எடுத்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். பேசிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டு நாளில் சேரச் சொல்லிவிட்டார்களாம்.

நேரே வீட்டுக்குப் போகலாம் என்றுதான் கிளம்பினோம். கார் கடலூருக்குள் வந்ததும் அத்தை, "தேவனாம்பட்டினம் பீச்சுக்கு உடு" என்றாள். காற்று வாங்க ஆசைப்படுகிறாள் என்று நினைத்தோம். நிழலான இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டு உட்கார வைத்தோம். கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்.

"எனக்கு ஒரு தடவ தாண்டிக் காட்டு."

"அத்தை, என் முட்டி போயி எத்தினி வருஷமாவுது?"

"போன்ல பாத்ததுதான். நேர்ல நான் எங்க பாத்தேன்? இன்னும் ரெண்டு நாள்ல என் நெஞ்சப் பொளக்கப் போறாங்க. அப்புறம் என்னாவுமோ."

உண்மைதான். எத்தனையோ நாட்டில் தாண்டியிருக்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் கைதட்டியிருக்கிறார்கள். வேண்டிக்கொண்டவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கலாம். அம்மா அப்பா இருந்தபோதே அழைத்திருக்கலாம். அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று விட்டுவிட்டேன்.

துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன். அலை நனைத்து இறுகிய மணலில் பின்னால் நடந்து, பழக்கத்தில் ஒரு செருப்பை அடையாளம் வைத்தேன். மாமா கட்டைவிரலால் மணலில் ஒரு கோடு கிழித்தார். வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர், சந்தன மொட்டையோடு ஒரு பெண் கண்ணை மூடி நிற்பதைப் பார்த்து எழுந்து வந்தார். "என்னாங்க, சாமி வந்துடுச்சா?" என்று மாமாவைக் கேட்டார். "இல்லிங்க, எங்க மாமா பொண்ணு. லண்டன்ல தாண்டுனது" என்றார் மாமா. அவருக்கு அது விளங்கவில்லை, ஆனாலும் மரியாதையாக ஒதுங்கி நின்றார்.

ஓடினேன். முட்டி ஒவ்வொரு அடிக்கும் முனகியது. கோட்டில் கால் வைத்து எழும்பினேன். எழும்பினேன் என்பதே பெரிய வார்த்தை. என் பள்ளியில் பதினோரு வயதுப் பெண்கள் இதைவிடத் தூரம் போவார்கள். பொலபொலவென்றிருந்த மணலில் இரண்டு குதிகாலும் புதைய விழுந்து, முன்பக்கமாக உருண்டு, வாயெல்லாம் மணலோடு கிடந்தேன். மீனவர் கைதட்டினார்.

அத்தை நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டாள். மாமா பதறிப் பிடித்துக்கொள்ள, ஒவ்வொரு அடியாக வைத்து என் சுவடு வரைக்கும் வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சுவட்டுக்குப் பின்னால் இருந்த மணலை, கோடு வரைக்கும், குனிந்து குனிந்து பார்த்தாள்.

"பின்னாடி ஒண்ணும் படல" என்றாள்.

"ஆமா அத்தை."

"ஜடை இல்லன்னா அன்னிக்கும் இப்டித்தான் இருந்திருக்கும்."

"ஆமா அத்தை."

மாமா என்னைத் தூக்கிவிடக் கையை நீட்டிக்கொண்டு முன்னால் காலெடுத்து வைத்தார். அத்தை அவர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"டேய், அத மிதிக்காத. இன்னும் அளக்கல."